ஞாயிற்றுக்கிழமைப் பலகை வண்டி

அந்தப் பெல்ட்டை அப்படி வெடுக்குன்னு இழுக்காதீங்க டீச்சர், பிடிச்சுக்கிடும். மெதுவா விட்டு இழுங்க. ஆங், வந்துருச்சு பாருங்க. நாற்காலிச் சக்கரத்தைப் பிடிக்கிற கொக்கி கீழே இருக்கு, அதை டிரைவர் சூசை அண்ணன் மாட்டிட்டார். முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், வண்டி வளையும்போது நாற்காலி ஒரு பக்கமும் நாம ஒரு பக்கமும் போயிருவோமோன்னு. போக மாட்டோம். நான் உத்தரவாதம்.

டீச்சர்னு எப்படித் தெரியும்னு பார்க்குதீங்களா? காதர் பாய் சொன்னார். உங்க தெருதானே அவர். ஸ்கூட்டர்ல இருந்து விழுந்தது, தொடையில கம்பி வச்சது, உங்க வீட்டுக்காரர் உங்களை வாசப்படி தாண்ட விடாதது, எல்லாம் சொல்லிட்டார். பாய் தெருவுல குடியிருந்தா பேப்பர் வாங்க வேண்டியதில்லை.

நான் இசக்கி. இது என் மக தனு. முழுப் பேரு தன்ஷிகா. என்ன அர்த்தம்னு கேக்காதீங்க, வச்ச மனுஷனுக்கே தெரியாது. ஏட்டி, டீச்சருக்கு வணக்கம் சொல்லு. வாயில முறுக்கு இருக்கு, முழுங்கிட்டுச் சொல்லுவா.

எனக்குச் சின்ன வயசுலயே காய்ச்சல் வந்து ரெண்டு காலும் இப்படி ஆயிருச்சு. அதைப் பத்திப் பெரிசா சொல்ல ஒண்ணும் இல்லை. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல பத்தாவது வரைக்கும் படிச்சேன். கல்யாணம் கட்டி இந்த ஊருக்கு வந்தேன். வீட்டுல தையல் மிஷின் இருக்கு, கையால சுத்துறது. உங்களுக்கு ஜாக்கெட் தைக்கணும்னா சொல்லுங்க, அளவெல்லாம் பார்த்தாலே வந்துரும் எனக்கு.

இந்த வண்டிக்கு நகராட்சியில என்னமோ நீளமா ஒரு பேரு வச்சாங்க. அது வண்டி நெத்தியில எழுதியிருக்கு, யாரும் வாசிச்சதில்லை. நாற்காலி ஏறப் பின்னாடி பலகை இறங்குது, அதனால பலகை வண்டி. வந்த புதுசுல எப்படி இருந்துச்சு தெரியுமா? சூசை அண்ணனுக்குப் போன் போட வேண்டியதுதான். "அண்ணே, நான் இசக்கி"ன்னா, "வாரேன் தங்கச்சி, மாடத்தியக்காவை இறக்கிட்டு வாரேன்"பார். வந்து நிப்பார். எங்கேன்னு கேக்க மாட்டார். ஏறினப்புறம் சொன்னாப் போதும். சந்தைன்னா சந்தை, கோயில்னா கோயில், கடற்கரைன்னா கடற்கரை. டீச்சர், எனக்கு அது எப்படி இருந்துச்சுன்னு சொன்னா உங்களுக்குப் புரியுமோ என்னமோ. இப்போ புரியும், தொடையில கம்பி இருக்குல்ல. அதுவரைக்கும் என்னை யாராவது எங்கேயாவது கூட்டிட்டுத்தான் போயிருக்காங்க. நானா எங்கேயும் போனதில்லை. வண்டி வந்தப்புறம், ஞாயிறு சாயங்காலமானா இவளை மடியில வச்சுக்கிட்டு நான் கடற்கரைப் பூங்காவுக்குப் போவேன். நான் இவளைக் கூட்டிட்டுப் போவேன். சறுக்குல ஏத்தி விட அங்கே யாராவது இருப்பாங்க, கீழே பிடிக்கிறது நான். என் நாற்காலி உயரமும் சறுக்கு முடியுற உயரமும் சரியா இருக்கும். வேற எந்த அம்மாவும் குனியாமப் பிடிக்க முடியாது.

நல்லா ஓடிட்டிருக்கிற வண்டியை அப்படியே விட்டா ஆபீஸ்காரங்களுக்குத் தூக்கம் வருமா? மாத்தினாங்க. இனிமே சூசை அண்ணனுக்குப் போன் போடக் கூடாது. ஒரு பொது நம்பர். அதுல கௌசல்யான்னு ஒரு பிள்ளை. குரல் நல்லாத்தான் இருக்கும், வெல்லப்பாகு மாதிரி. "வணக்கம், உங்கள் பயண நோக்கம் என்ன?"ன்னு கேக்கும். நான் முதல் நாள், "கடற்கரைக்கும்மா"ன்னேன். "அது இடம்மா. நோக்கம் சொல்லுங்க. மருத்துவமா, கல்வியா, வேலையா, அரசு அலுவலகமா, இதரவா?" "பிள்ளையைச் சறுக்கு விடணும்மா." "அப்போ இதர. இதரன்னா மத்தவங்களுக்கு அனுப்பினது போக வண்டி இருந்தா வரும்மா. காத்திருங்க."

காத்திருந்தேன். இவளுக்குத் தலை சீவி, பொட்டு வச்சு, பவுடர் போட்டு, வாசல்ல உக்காத்தி வச்சுக் காத்திருந்தேன். பவுடரெல்லாம் வேர்த்து வழிஞ்சு கழுத்துல திட்டுத் திட்டா நின்னுச்சு. வண்டி வரலை.

அப்போதான் நான் யோசிச்சேன். பெரியாஸ்பத்திரி இருக்குல்ல, அதுக்குப் பின்வாசல் கடற்கரை ரோட்டுல இருக்கு. பின்வாசலை ஒட்டி இருக்கிறது தாய்சேய்க் கட்டடம். அடுத்த வாரம் போன் போட்டேன். "நோக்கம் என்ன?" "ஆஸ்பத்திரி." "எந்தப் பிரிவும்மா?" "தாய்சேய்ப் பிரிவு." நம்ப மாட்டீங்க, இவ ஒரு முறுக்கு தின்னு முடிக்கல, வண்டி வாசல்ல. தாய்சேய் வாசல்ல இறங்கினோம், பின்வாசல் வழியா ரோட்டைக் கடந்தோம், பூங்கா. அவ்வளவுதான் விஷயம்.

அந்த வழியை நான் மட்டும் வச்சுக்கிட்டேனா? நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. மாடத்தியக்காவுக்குச் சொன்னேன். அவங்களுக்கு ஒரு பக்கம் வாதம், ஆனா கடலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா அவங்க பாட்டுக்கு உக்காந்திருப்பாங்க, ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. காதர் பாய்க்குச் சொன்னேன். அவருக்குச் சர்க்கரையில ஒரு கால் போயிருச்சு. பின்வாசலுக்கு எதிர்த்த டீக்கடையில கேரம்போர்டு ஆடுறவர். ரெண்டு பேரும் அவங்கவங்க சோட்டுக் கூட்டாளிகளுக்குச் சொன்னாங்க. எல்லாருக்கும் நான் ஒண்ணேதான் சொல்லிக் கொடுத்தேன்: "ஆஸ்பத்திரி, தாய்சேய்ப் பிரிவு. வேற ஒண்ணும் பேசக் கூடாது. பேசினா உளறுவீங்க."

ஏன் டீச்சர் அப்படிப் பார்க்குதீங்க? இது பொய்யா? பஸ்ல கண்டக்டர்கிட்ட எங்கே போறோம்னு சொல்லுதோம், அவர் என்ன அதைக் கல்லுலயா செதுக்குதார்? வாய் வார்த்தை, டிக்கெட் கிழிச்சதும் போச்சு. அந்த மாதிரித்தான் கௌசல்யாவும்.

கொஞ்ச நாள் நல்லாப் போச்சு. பொங்கல் கழிஞ்சதும் வந்தாங்க பாருங்க அடுத்த மாத்தலோட. வண்டிக்குள்ளயே ஒட்டியிருந்தாங்க. "பயணிகளின் தேவையை ஆராய்ந்து"ன்னு ஆரம்பிச்சு, இனிமே மத்தியானம் வரைக்கும்தான் வண்டி, ஞாயிற்றுக்கிழமை வண்டியே கிடையாதுன்னு. சூசை அண்ணனைக் கேட்டேன். "ஆஸ்பத்திரியில சீட்டுப் போடுறது மத்தியானத்தோட முடியுதாம், ஞாயித்துக்கிழமை சீட்டே கிடையாதாம். அதனால நமக்கும் வேலை இல்லையாம் தங்கச்சி"ன்னார். "ஆஸ்பத்திரிக்கும் நமக்கும் என்ன அண்ணே சம்பந்தம்?"னு கேட்டேன். அவர் கண்ணாடியில என்னையே பார்த்தார். அப்புறம் வண்டியைக் கிளப்பிட்டார். அவர் சர்க்கார் சம்பளம் வாங்குற மனுஷன், பயம்.

வாரம் வாரம் ஞாயிறு வந்துச்சு, போச்சு. என் நாத்தனா பிரேமா இவளைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனா, ஸ்கூட்டியில. பிரேமா நல்ல பிள்ளை, குறை சொன்னா நாக்கு அழுகிப் போகும். ஒரு வார்த்தை கேக்காமக் கூட்டிட்டுப் போவா, பலூன் வாங்கிக் கொடுப்பா, மணலைத் தட்டிக் கூட்டிட்டு வருவா. வந்ததும் இவ, அத்தை அலையில நின்னா, அத்தை நண்டு பிடிச்சா, அத்தை சறுக்குல கீழே பிடிச்சான்னு ஒரே அத்தை புராணம். நானும் தைச்சுக்கிட்டே கேப்பேன். சிரிப்பேன். ஒரு நாள் இவ வந்து என் மடியில ஏறி உக்காந்தா. கால்ல ஈர மணல். என் கன்னத்தைப் பிடிச்சுத் திருப்பி, "அம்மா, நீ கடல் பார்த்திருக்கியா?"ன்னு கேட்டா.

டீச்சர், வாரம் தவறாம என் மடியில உக்காந்து பார்த்த கடல். நாலு வயசுப் பிள்ளைக்கு நாலு மாசத்துல மறந்து போச்சு. கடல் மறக்கலை. என்னை மறந்து போச்சு, அந்த இடத்துல.

அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுக்காரர், "விடு இசக்கி, அடுத்த வருஷம் ஆட்டோ எடுத்தாவது..."ன்னு ஆரம்பிச்சார். "நீங்க சும்மா இருங்க. ஞாயித்துக்கிழமை வண்டி வரும். வர வைக்குதேன்"னு சொல்லிட்டுப் படுத்துட்டேன்.

மறுநாளே காதர் பாய், மாடத்தியக்கா, நான், இவ, எல்லாரும் நகராட்சி ஆபீஸ் போனோம். காலையில வண்டி உண்டுல்ல, அரசு அலுவலகம்னு சொல்லி. அதுக்குக் கௌசல்யா மறுப்பே சொல்லலை. அங்கே போனா, எங்க வண்டியைப் பார்க்கிற பிரிவு எங்கே இருக்கு தெரியுமா? மாடியில. நடக்க முடியாதவங்க பிரிவு மாடியில! லிஃப்டும் கிடையாது, சாய்தளமும் கிடையாது. பியூன் வந்து, "மனு இருந்தா கொடுங்க, மேலே கொண்டு போறேன்"னார். "மனு இல்லை. நாங்கதான் மனு. தூக்கிட்டுப் போங்க"ன்னேன். மாடத்தியக்காவை ஒரு பார்வை பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டார். மாடத்தியக்கா நல்ல கனம்.

மாடிப்படி அடியிலேயே வரிசையா நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டோம். யாரும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. நான் புளிச்சோறு கட்டிட்டுப் போயிருந்தேன். போராட்டத்துக்குப் பசியோட போகக் கூடாது டீச்சர், பசிச்சா சீக்கிரம் சமாதானம் ஆயிருவோம். இவ படிக்கட்டுல ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மேலே போய் ஒவ்வொரு மேஜையா, "எங்கம்மா கீழே இருக்காங்க"ன்னு சொல்லிட்டு வந்தா. நான் சொல்லிக் கொடுக்கலை, சத்தியமா. கொஞ்சம்தான் சொல்லிக் கொடுத்தேன்.

கடைசியில அந்தப் பிரிவு மேடமே இறங்கி வந்தாங்க. சின்ன வயசு, கண்ணாடி, கையில லேப்டாப். கடைசிப் படியில எங்களுக்குச் சமமா உக்காந்தாங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அதைச் சொல்லணும். "பாருங்கம்மா, நாங்களா எதையும் நிறுத்தலை. நீங்க எல்லாரும் எதுக்குப் போறீங்களோ அதைப் பார்த்துத்தான் நேரம் வச்சோம்"னு சொல்லி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாங்க. ஒரு வட்டம். தோசை மாதிரி. தோசை முழுக்கச் சிவப்பு, ஓரத்துல ஒரு விள்ளல் மட்டும் பச்சை. "இந்தச் சிவப்பு எல்லாம் ஆஸ்பத்திரி"ன்னாங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "யாரு மேடம் இந்தக் கணக்கைக் கொடுத்தது? கால் நடக்கலைன்னா எங்களுக்கு ஆஸ்பத்திரியை விட்டா வேற போக்கிடமே இல்லையா? நாங்க கல்யாணத்துக்குப் போக மாட்டோமா? வளையல் வாங்க மாட்டோமா? எங்களுக்குக் கடல் பார்க்க ஆசை இருக்காதா? எங்களை எல்லாம் நோயாளியாவே நினைச்சுக்கிட்டு மேலே உக்காந்து யாரோ இஷ்டத்துக்குச் சிவப்பு அடிச்சிருக்காங்க!"ன்னேன். சத்தம் மேல்மாடி வரைக்கும் போயிருக்கும். காதர் பாய்க்கு அப்போ பார்த்து இருமல் வந்துருச்சு, விடாம இருமுதார். மாடத்தியக்கா மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கிட்டு இருக்காங்க. அதிகாரின்னா நம்ம ஆளுகளுக்கு இப்படித்தான், வாய் ஒட்டிக்கிடும். நான் ஒருத்திதான் பேச வேண்டியிருக்கு.

மேடம் பொறுமையா, "யாரும் அடிக்கலைம்மா. ஒவ்வொரு பயணமும் இருக்கு. இப்போ, உங்க கூட வந்திருக்கிறவங்க... காதர் மைதீன்தானே? இதோ"ன்னு திரையைக் கீழே கீழே தள்ளினாங்க. நிறுத்தினாங்க. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பார்த்தாங்க. "ஐயா, நீங்க வாரா வாரம் தாய்சேய்ப் பிரிவுக்குப் போயிருக்கீங்களே. எதுக்கு?"

பாய் இருமலை நிறுத்திட்டார். தாடியைத் தடவினார். "அது வந்து தாயி..."ன்னார். என்னைப் பார்த்தார். அப்புறம், "எனக்குத் தெரியலை தாயி"ன்னார்.

எனக்கு அது போதும் டீச்சர்! பிடிச்சுக்கிட்டேன். "பார்த்தீங்களா மேடம், பார்த்தீங்களா! அறுபத்தஞ்சு வயசு மனுஷனை, பேரன் எடுத்தவரை, பிரசவ வார்டுக்கு அனுப்பியிருக்கு உங்க கம்ப்யூட்டர். இந்தக் கணக்கை வச்சுக்கிட்டா எங்க ஞாயித்துக்கிழமையை வெட்டினீங்க? இவருக்கு என்ன, பிள்ளைப்பேறா? எத்தனையாவது மாசம்னு போட்டிருக்கா அதுல?" மாடத்தியக்காவுக்கு வாதம் வந்ததில இருந்து சிரிச்சே நான் பார்த்ததில்லை, அன்னைக்குக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க, நாற்காலி நகர்ந்துருச்சு. மேடம் தண்ணிப் பாட்டிலை எடுத்து முகத்தை மறைச்சுக்கிட்டாங்க. தோள் ஆடுது. ரொம்ப நேரம் தண்ணி குடிச்சாங்க. பாட்டில்ல தண்ணி குறையவே இல்லை.

பாவம், தன் ஆபீஸ் தப்பு வெளியில வந்துருச்சேன்னு வெக்கம் அவங்களுக்கு.

அப்புறம் என்னையே பார்த்தாங்க, சூசை அண்ணன் கண்ணாடியில பார்த்தாரே, அதே பார்வை. "சரிம்மா. இந்தக் கணக்கு தப்புதான். ஒத்துக்கிடுதேன். ஒரு மாசம் ஞாயிறு சாயங்காலம் வண்டி விடுதேன். ஆனா நீங்க எனக்கு ஒண்ணு செய்யணும். போன்ல கேக்கும்போது உண்மையில எதுக்குப் போறீங்களோ அதைச் சொல்லுங்க. என்னவா இருந்தாலும். முன்னுரிமை எல்லாம் ஞாயித்துக்கிழமைக்குக் கிடையாது. கடைசி ஞாயிறு கழிஞ்சு நான் பார்ப்பேன். ஆஸ்பத்திரி அல்லாத பயணம் இருந்துச்சுன்னா வண்டி நிக்கும். இல்லைன்னா என்னால மேலே பேச முடியாது"ன்னாங்க. "உண்மையைச் சொல்லுறதுக்கு எங்களுக்கு நீங்க சொல்லித் தரணுமா மேடம்?"னு கேட்டுட்டு வந்தேன். கேக்கத்தானே வேணும்?

வண்டி வந்துருச்சுன்னு நினைச்சா, அதுக்கப்புறம் இன்னொரு கூத்து. யாரும் போன் போட மாட்டேங்காங்க! மாடத்தியக்கா, "நான் எப்படிம்மா அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லுவேன், சும்மா கடலைப் பார்த்துக்கிட்டு உக்காரப் போறேன்னு. வீட்டுல சும்மாதானே இருக்கேங்கும்"ங்காங்க. "ஆஸ்பத்திரின்னா வாய்ல வருது இசக்கி, இது வரலை." கேரம்போர்டு ஆடப் போறேன்னு சொல்லப் பாய்க்கு நாக்கு எழும்பலை. இந்த வயசுல விளையாட்டுக்குச் சர்க்கார் வண்டியான்னு யாராவது கேட்டுருவாங்களோன்னு. நோவுன்னா தைரியமாச் சொல்லுதோம் டீச்சர், ஆசைன்னா குரல் உள்ளே போயிருது. எனக்கு அது விளங்கவே இல்லை.

நான் ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் உக்காந்து போன் போட வச்சேன். மாடத்தியக்கா மூணு தடவை வச்சுட்டாங்க. நாலாவது தடவை, கண்ணை மூடிக்கிட்டு, "கடல் பார்க்கம்மா. கடல் மட்டும்தான்"னாங்க. கௌசல்யா, "சரிம்மா, அஞ்சு மணிக்கு வரும்"னுச்சு. அவ்வளவுதான். அக்கா போனைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. "ஒண்ணும் கேக்கலை இசக்கி, ஒண்ணுமே கேக்கலை"ன்னாங்க.

இன்னைக்குத்தான் கடைசி ஞாயிறு. நாளைக்கு மேடம் அந்தத் தோசையைத் திறந்து பார்ப்பாங்க. மாடத்தியக்கா முதல் நடையிலேயே போயாச்சு. பாய் அங்கே ஆடிக்கிட்டு இருப்பார். இது ரெண்டாவது நடை, நீங்களும் நானும்தான். போன வாரம் இவளை நான் கீழே நின்னு, அதாவது உக்காந்து, பிடிச்சேன். ஏழு தடவை சறுக்கினா. எட்டாவதுக்கு, "அத்தை இப்படிப் பிடிக்க மாட்டா, குனிவா, தலை முட்டும்"னா. அதை நான் பிரேமாகிட்டச் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். ஆனா எனக்குத் தெரியும்ல.

என்ன அண்ணே? என்ன சொல்லுதீங்க? டீச்சரை ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கச் சொல்லி வந்திருக்கா?

டீச்சர், இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. ஆஸ்பத்திரியில யாரு இருக்கா? கட்டு பிரிக்கணுமா? இல்லையே. பின்னே ஏன் ஆஸ்பத்திரின்னு சொன்னீங்க?

காதர் பாயா? காதர் பாய் சொல்லிக் கொடுத்தாரா? "ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, வண்டி உடனே வரும்"னாரா? உங்க வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரின்னா ஒண்ணும் சொல்ல மாட்டார்னா? அட மனுஷா! நான் அவ்வளவு பாடுபட்டு, மாடிப்படி அடியில உக்காந்து, புளிச்சோறு கட்டிட்டுப் போய்... அஞ்சு வேளை தொழுகிற மனுஷனுக்கு இந்தப் பொய் எங்கே இருந்து வந்துச்சு டீச்சர்? யாரு கத்துக் கொடுத்திருப்பா அவருக்கு?

சிரிக்காதீங்க அண்ணே, ரோட்டைப் பாருங்க.

டீச்சர், கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க இருக்கிறது மூணு மாசமோ ஆறு மாசமோ, அப்புறம் எழுந்து நடந்து போயிருவீங்க. நல்லா நடக்கணும், நான் வேண்டிக்கிடுதேன். நாங்க இந்த வண்டியிலதான் இருப்போம். மேடம் நாளைக்குத் திறக்கிறப்போ உங்க ஒரு பயணம் சிவப்பா இருந்தாலும், தோசை மறுபடியும் சிவப்பாத்தான் திரும்பும். இவளை நான் மறுபடி அத்தைகிட்டக் கொடுத்தனுப்ப மாட்டேன். மாட்டேன்னா மாட்டேன். இந்தாங்க போன். என் போனையே எடுங்க, நம்பர் போட்டாச்சு, அடிக்குது.

எங்கே போகணும் உங்களுக்கு? என்னைப் பார்க்காதீங்க. உங்க வீட்டுக்காரரை நினைக்காதீங்க. மாடத்தியக்கா மாதிரி வேணும்னா கண்ணை மூடிக்கிடுங்க. அந்த வீட்டுக்குள்ள இத்தனை நாளா ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்கல்ல, அப்போ மனசுல என்ன ஓடுச்சு? அதைச் சொல்லுங்க. எடுத்துட்டா பாருங்க கௌசல்யா.

சொல்லுங்க.

சத்தமா, காத்துல கேக்காது.

சேமியா ஐஸா? தனியா உக்காந்து, யாருக்கும் கொடுக்காமலா? ஐயோ டீச்சர், இங்கே கொடுங்க போனை. கௌசல்யா, நான்தாம்மா, இசக்கி. டீச்சர் சொன்னது கேட்டுச்சா? ஆஸ்பத்திரியை அடிச்சுடு. சேமியா ஐஸ் தின்ன. ஆமா, தனியா. இல்லை இல்லை, இதரன்னு போடாதே தாயி. முழுசாப் போடு. எவ்வளவு நீளமா இருந்தாலும் முழுசாப் போடு, நாங்க காத்திருக்கோம்.